தொரப்பள்ளியில் இரவுத் தடை நீடிக்க வேண்டும்

தொடர் விடுமுறை என்றால் முந்தின நாள் மாலையே சிங்கப்பெருமாள் கோவில் வழியாக ஜி.எஸ்.டி. சாலையில் கார்கள் வரிசைகட்டி ஊர்ந்து செல்லும். ஊட்டி, முதுமலை என்று கிளம்பியவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. விடிய விடிய ஓட்டியாவது ஊர் போய்ச் சேர்ந்துவிடும் பழக்கம் கூடலூரை அடுத்த தொரப்பள்ளியில் செல்லாது. இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை அங்கே பொது வாகனங்களுக்குக் காட்டுவழி அடைப்பு.

அது தேசிய நெடுஞ்சாலை 181. பழைய எண் 67. தொரப்பள்ளியில் முதுமலைக்குள் நுழைந்து, தெப்பக்காட்டில் மாயாற்றைக் கடந்து, கக்கநல்லாவில் மாநில எல்லையைத் தாண்டி, பந்திப்பூர் தேசியப் பூங்காவின் நடுவே குண்டுலுப்பேட்டை நோக்கிப் போகிறது. உலகிலேயே ஆசிய யானைகள் மிக அதிகமாக வாழும் நிலப்பரப்பு இது. சாலையின் இருபுறமும் அவற்றுக்கு மேய்ச்சலும் தண்ணீரும் இருப்பதால், குறுக்கே நடக்காமல் அவற்றால் வாழ முடியாது.

இருட்டில் வேகமாக வரும் வண்டியின் விளக்கொளி பட்டதும் மான்கள் திகைத்து நின்றுவிடும். இப்படிப் பல விலங்குகள் அடிபட்டுச் செத்த பிறகுதான் 2009 ஜூனில் சாமராஜநகர் மாவட்ட நிர்வாகம் பந்திப்பூரில் இரவுப் போக்குவரத்தைத் தடை செய்தது. 2010-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

எதிர்ப்பும் இருக்கிறது. பந்திப்பூர் வழியாகவே செல்லும் கோழிக்கோடு–மைசூரு சாலையை நம்பியிருக்கும் வயநாட்டு மக்கள், 2019-ல் சுல்தான் பத்தேரியில் உண்ணாவிரதமே இருந்தார்கள். காய்கறி லாரிகளும் நோயாளிகளும் தவிக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் ஆம்புலன்சுக்குத் தடை கிடையாது. குறிப்பிட்ட சில அரசுப் பேருந்துகளுக்கும் அனுமதி உண்டு. காட்டைச் சுற்றிச் செல்ல ஹுன்சூர், கோணிக்கொப்பல், குட்டா வழியும் இருக்கிறது.

மேம்பாலச் சாலை கட்டினால் என்ன என்று கேரளம் கேட்கிறது. கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் விலங்குகளுக்கான பாலங்கள் விபத்துகளைக் குறைத்தது உண்மை. பெஞ்ச் புலிகள் காப்பகத்தில் நெடுஞ்சாலை 44-க்கு அடியில் புலிகள் நடந்துபோவதைக் கேமராக்கள் பதிவு செய்திருக்கின்றன. ஆனால் அங்கே சாலையை அகலப்படுத்தியதற்கு ஈடாகத்தான் அவை கட்டப்பட்டன. பந்திப்பூரில் தூண் எழுப்ப வேண்டுமானால் காட்டுக்குள் ஆண்டுக்கணக்கில் இயந்திரங்கள் உறும வேண்டும். இரவில் சாலையை மூடுவதற்குச் செலவும் இல்லை, ஒரு மரமும் சாய வேண்டியதில்லை.

முதுமலையை ஒட்டிய சீகூர் யானை வழித்தடத்திலிருந்து விடுதிகளை விலகச் செய்யும் தமிழக அரசின் அறிவிக்கை செல்லும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விடுதிகளை யானைக்காக விலகச் சொன்ன அதே நியாயம் லாரிக்கும் காருக்கும் பொருந்தும். தமிழக, கர்நாடக அரசுகள் இந்த இரவுத் தடையை எந்த நெருக்கடியிலும் தளர்த்தக் கூடாது; சாலையை அகலப்படுத்தவும் கூடாது.

பயணிகளுக்கும் பங்கு இருக்கிறது. பகலில் யானையைக் கண்டதும் நடுச்சாலையில் வண்டியை நிறுத்தி செல்பி எடுப்பதும், குரங்குக்கு பிஸ்கட் வீசுவதும் இன்னும் ஓயவில்லை. முதுமலைக்குக் கிளம்புகிறவர்கள் ஊட்டியிலோ கூடலூரிலோ இரவு தங்கி, விடிந்த பிறகு நிதானமாகக் காட்டைக் கடக்கட்டும். வழியில் எங்கும் கீழே இறங்க வேண்டாம்.