சின்னஞ்சிறு சிப்பாய்க்கு எந்த வர்ணம்?

வாவியைப் பார்த்திருக்கும் எமது வீட்டு விறாந்தையில் இரண்டு கிழமைகளாக ஒரு போர் நடந்து வருகிறது. வெளிநாட்டில் வளரும் பேரன் விடுமுறைக்கு வந்தபோது, சட்டைகளுக்கிடையே ஒரு பெட்டி நிறையச் சிப்பாய்ப் பொம்மைகளையும் கொண்டு வந்தான். ஒவ்வொன்றும் 28 மில்லிமீற்றர் உயரம், வர்ணம் பூசப்படாதவை. பகடை உருட்டி, அடிமட்டத்தால் தூரம் அளந்து நகர்த்தி ஆடும் போர் விளையாட்டு இது. எச். ஜி. வெல்ஸ் என்னும் பேர்பெற்ற எழுத்தாளர் 1913ஆம் ஆண்டிலேயே இதற்கு விதிகள் வகுத்து ஒரு நூல் எழுதினார் என்றறிந்த பின், பிள்ளை விளையாட்டென்று ஒதுக்க எமக்குத் துணிவு வரவில்லை.

எந்தப் போர் என்று கேட்டோம். “எங்கட கோட்டைச் சண்டை, அப்பப்பா” என்றான். புளியந்தீவிலே போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டையை, 1638ஆம் ஆண்டு மே மாதத்தில் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் கைப்பற்றிய கதை அது.

தொல்லை அங்கேதான் தொடங்கிற்று. அக்காலத்து ஐரோப்பியப் படைகளுக்கு இன்றுள்ளதுபோல் ஒரே சீருடை வழக்கமில்லை. தோளின் குறுக்கே கட்டிய பட்டியின் நிறமே பெரும்பாலும் ஆளைக் காட்டிற்று. ஒல்லாந்தருக்குச் செம்மஞ்சள், அந்நாளில் ஸ்பானிய மன்னனின் ஆட்சிக்குட்பட்டிருந்த போர்த்துக்கேயருக்குச் சிவப்பு. பேரன் நூல்களைப் பார்த்து அப்படியே தீட்டினான். பகலில் பார்க்க அழகாகவே இருந்தது. இரவு விளக்கின் கீழ் ஆடியபோதோ, அவன் தன் படையென்று நினைத்து எமது சிப்பாய்களை நகர்த்தினான். நாமும் மகிழ்ச்சியோடு மௌனம் சாதித்தோம்.

பிழை வர்ணத்திலன்று, தூரத்திலே. அந்தப் பொம்மை ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு மனிதன். இரண்டடி தள்ளி வைத்துப் பார்த்தால், 120 அடிக்கப்பால் நிற்கும் ஆளைப் பார்ப்பதற்கு அது சமம். வாவியில் அவ்வளவு தூரத்திலே தோணியில் நிற்பவனின் சட்டைப் பொத்தானை யார் கண்டார்? உள்ளது உள்ளபடி தீட்டினால் எல்லாம் ஒரே மங்கலாகத்தான் தெரியும்.

இதை எமது அண்ணாவிமார் எந்நாளோ அறிந்திருந்தனர். வடமோடிக் கூத்திலே அரசன் கோழி கவிழ்க்கும் கரப்பைப் போல் விரிந்த கரப்புடுப்பும், கண்ணாடித் துண்டு பதித்த முடியும் அணிந்து வருவது வீண் பகட்டன்று. வட்டக்களரியைச் சுற்றி நாற்புறமும் சனம், நள்ளிரவு, விளக்கின் ஒளியோ சிறிது. கடைசி வரிசையிலே பாயில் இருக்கும் கிழவிக்கும் இவன் அரசன் என்று தெரிய வேண்டாமா? பேரனிடம் இதைச் சொன்னபோது, எமது தகப்பனாரின் பெட்டியில் கிடந்த பழைய முடியை எடுத்துத் தரச் சொல்லி, விளக்கருகே திருப்பித் திருப்பி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் செம்மஞ்சளை மஞ்சளின் பக்கமாக வெளிறச் செய்தான். சிவப்பைக் குருதி நிறமாகக் கருக்கினான். பட்டியும் சட்டையும் சேருமிடத்தில் மெல்லிய கருங்கோடு. துணி மடிப்பின் பள்ளத்தில் நீர்த்த கருவர்ணம். மேட்டில், ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் வெளிர்நிறம். விறாந்தை வெளிச்சம் இவ்வளவு சிறிய உருவத்தில் போதிய நிழல் வீழ்த்தாது. நிழலையும் நாமே தீட்டித்தான் ஆகவேண்டும். அந்தக்காலத்து ஈயச் சிப்பாய்களைப் போல் வழவழவென்று மெருகு பூசுவோமா என்றும் கேட்டான். அதுவும் அழகுதான். ஆனால் பாதிப் படை மின்னி, பாதி மின்னாதிருந்தால் இரண்டும் கெடும். அவன் மெருகில்லாப் பூச்சையே தேர்ந்தான். நமக்கு உள்ளூர மெருகின் மீதுதான் ஆசை.

பின்பு இராசசிங்கனின் முறை வந்தது. அரசனுக்குக் கூத்து முடியே வைத்து, கண்ணாடித் துகளும் ஒட்டவேண்டுமென்று பிடிவாதம் பிடித்தான். நாம் சம்மதிக்கவில்லை. இருந்த நிறத்தைத் தூக்கிக் காட்டலாம். அவன் தலையில் இல்லாத முடியை நாம் எப்படி வைப்பது?

“அப்ப கூத்தில மட்டும் ஏன் வைச்சவங்க?” என்று கேட்டான்.

“மகன், கூத்தில வாறவன் கர்ணன், இவன் எங்கட கோட்டைக்கு வந்த அரசன்” என்றோம்.

அவன் முகத்தைப் பார்த்தால் அந்த விடை அவனுக்குப் போதவில்லை என்றே தோன்றுகிறது. இராசசிங்கனும் அவனது படையும் வெள்ளை அடிப்பூச்சோடு இன்னும் சாளரத்தில் நிற்கிறார்கள். பயணத்துக்கு நான்கு நாளே இருக்கிறது.