பின்பக்கத்துப் பொடி எழுத்து

இந்த வாரம் என்னைக் கடுப்பேற்றியது ஒரு மின்னஞ்சல். நான் மின்புத்தகம் படிக்கும் செயலிக்காரர்கள் (பெயர் வேண்டாம், எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான்) 'எங்கள் விதிமுறைகளைப் புதுப்பித்திருக்கிறோம்' என்று அனுப்பியிருந்தார்கள். எதைப் புதுப்பித்தார்கள் என்று மூச்சுவிடவில்லை. செயலியைத் தொடர்ந்து திறந்தாலே நான் சம்மதித்ததாக அர்த்தமாம். காசு கொடுத்து வாங்கிய புத்தகம் உள்ளே கிடக்கிறது, திறக்காமல் என்ன செய்வது? வீட்டு ஓனர்கூட வாடகையை ஏற்றுவதற்கு முன் வாசலில் வந்து நின்று ஒருமுறை தலையைச் சொறிவார்.

இதைப் பற்றித்தான் முழுப் பத்தியும் எழுத உட்கார்ந்தேன். ஆனால் போட்ட ஒப்பந்தத்தை ஒருதலையாக மாற்றுவது என்றதும் எனக்கு 2023 ஜனவரி ஞாபகம் வந்துவிடுகிறது. இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரியும். ஆமாம், மறுபடியும் பகடைதான். பிடிக்காதவர்கள் ராசிபலனுக்குப் போகலாம்.

புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சுருக்கமாக: 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் இருவரும் உருவாக்கியது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள், தகராறு வந்தால் இருபது முகப் பகடை தீர்ப்புச் சொல்லும். அதை வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனம் கடனில் மூழ்கி, 1997-இல் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் கைக்குப் போனது. அங்கே ரயன் டான்சி என்பவர் கட்டற்ற மென்பொருள்காரர்களிடமிருந்து ஒரு யோசனையை எடுத்துக்கொண்டு வந்தார். ஆட்டத்தின் அடிப்படை விதிகளை எவரும் எடுத்துத் தன் புத்தகத்தில் போட்டு விற்கலாம், ராயல்டி கிடையாது. கம்பெனி நாளைக்கே முழுகினாலும் ஆட்டம் முழுகாது. 2000-இல் வந்த அந்த உரிமத்தின் பெயர் ஓபன் கேம் லைசன்ஸ், சுருக்கமாக ஓ.ஜி.எல். அதை நம்பித்தான் ஒற்றை ஆள் நடத்தும் பதிப்பகங்களிலிருந்து பைசோ என்ற பெரிய பதிப்பகம் வரை கடை விரித்தார்கள். 2008-இல் விசார்ட்ஸ் நான்காம் பதிப்புக்குக் கெடுபிடியான வேறு உரிமம் கொண்டுவந்தபோது, பைசோ பழைய விதிகளையே எடுத்து 'பாத்ஃபைண்டர்' என்று தனி ஆட்டமாக்கி மறுவருடம் கடைக்கு அனுப்பியது. எல்லாம் சட்டப்படி.

பிறகு 2023 ஜனவரி. விசார்ட்ஸின் புதிய உரிமத்தின் வரைவு வெளியே கசிந்தது. பழையது இனி செல்லாது. வருடத்துக்கு ஏழரை லட்சம் டாலருக்கு மேல் விற்றால், மேலே வரும் தொகையில் 25 சதவீதம் கட்ட வேண்டும். நீங்கள் எழுதியதை நாங்கள் காசில்லாமல் பயன்படுத்திக்கொள்வோம். 30 நாள் நோட்டீஸில் நிபந்தனையை மாற்றுவோம். உரிமத்தை மாற்றினாலும் உங்களுக்குப் பிடித்த பழைய வடிவத்தையே வைத்துக்கொள்ளலாம் என்று முன்பு விளக்கம் கொடுத்ததும் இதே கம்பெனிதான். ஆட்டக்காரர்கள் சும்மா விடவில்லை, இணையச் சந்தாக்களை ரத்து செய்தார்கள். அந்த மாதமே, 27-ஆம் தேதி, கம்பெனி இறங்கி வந்தது. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. அதைத் திரும்ப வாங்க முடியாது.

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒரு குறை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்று.

ஓ.ஜி.எல். புத்தகம் எதை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் உரிமம் அச்சாகியிருக்கும். அதில் 15-ஆவது பிரிவு வெறும் பெயர்ப்பட்டியல். யாருடைய புத்தகத்திலிருந்து எடுத்தீர்களோ, அவர்களுடைய பதிப்புரிமைக் குறிப்பை எழுத்து மாறாமல் போட வேண்டும். அவர்கள் வேறு யாரிடமிருந்தாவது எடுத்திருந்தால் அதுவும் கூடவே வரும். கடைசியில் உங்கள் பெயர். கம்பனின் குலமுறை கிளத்து படலத்தில் விசுவாமித்திரர் ஜனகனிடம் ராமனின் முன்னோர்களை ஒவ்வொருவராக அடுக்குவாரே, அப்படி. நான் புத்தகம் வாங்கினால் முதலில் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான். எங்கள் வீட்டில் ஆட்டம் நடத்துகிற அக்கா மகன், "மாமா, கேம் ஆரம்பிக்கலாமா, இல்ல டெலிபோன் டைரக்டரியே படிச்சிட்டிருப்பீங்களா?" என்பான்.

மூன்றாம் பதிப்பு விதித் தொகுப்புக்கான குறிப்பில் ஜோனதன் ட்வீட், மான்டி குக், ஸ்கிப் வில்லியம்ஸ் என்று எழுதியவர்கள் வரிசையாக நிற்பார்கள். முடிவில், மூலம் கைகாக்ஸும் ஆர்னிசனும் என்று இருக்கும். ஆர்னிசன் பெயர் அங்கே இருப்பது சாதாரணமில்லை. ஆட்டத்தின் 'அட்வான்ஸ்டு' பதிப்பிலிருந்து அவரை ஒதுக்கிவிட்டு வியாபாரம் நடந்தது. 1979-இல் அவர் வழக்குப் போட்டு, 1981-இல் சமரசமாகி, இணை உருவாக்கியவர் என்ற பெயரை மீட்டார். கோர்ட் படி ஏறி வாங்கிய அந்தப் பெயரை, அவரைப் பார்த்தே இராத சின்னப் பதிப்பகத்தாரெல்லாம் தங்கள் புத்தகத்தின் முதுகில் சுமந்தார்கள். சுமக்காவிட்டால் உரிமம் போய்விடும்.

இன்னும் எனக்குப் பிடித்தது ஃபிளம்ஃப். 1981-இல் வந்த 'ஃபீன்ட் ஃபோலியோ' என்ற பூதத் தொகுப்பில் அறிமுகமான ஜந்து. காற்றில் மிதக்கும் ஜெல்லி மீன், பரம சாது, நாற்றத் திரவம் பீய்ச்சும், கவிழ்த்துப் போட்டால் நிமிரத் தெரியாது. ஆட்டக்காரர்கள் பல வருடம் சிரித்தார்கள். 2002-இல் ஸ்காட் கிரீன் 'டோம் ஆஃப் ஹாரர்ஸ்' என்ற தொகுப்பில், கம்பெனியிடம் அனுமதி வாங்கி, பழைய பூதங்களை ஓ.ஜி.எல்.லுக்குள் கொண்டுவந்து போட்டார். அதிலிருந்து ஒரு பூதத்தை எடுத்தால் அந்தப் பூதத்துக்கென்றே தனி வரி போட வேண்டும். அதனால் பாத்ஃபைண்டர் புத்தகத்தின் பின்பக்கத்தில்கூட, ஃபிளம்ஃபின் மூலம் இயன் மெக்டவலும் டக்ளஸ் நெய்ஸ்மித்தும் என்று இருக்கும். ஒரு கோமாளி ஜந்துவைப் படைத்த இரண்டு பேரை யார் இவ்வளவு காலம் ஞாபகம் வைத்திருப்பார்கள்? 15-ஆவது பிரிவு வைத்திருந்தது.

அதே ஃபீன்ட் ஃபோலியோவின் அட்டையில் இருப்பது கித்யான்கி. பின்னாளில் அறிபுனை நாவலாசிரியரான சார்லஸ் ஸ்ட்ராஸ், பள்ளி வயதில் உருவாக்கி 'ஒயிட் டுவார்ஃப்' இதழில் வெளிவந்தது. பெயர் அவருடையதுகூட இல்லை, ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் 1977 நாவல் ஒன்றிலிருந்து எடுத்தது. ஓ.ஜி.எல். வந்தபோது, 'இதை மட்டும் தொடக் கூடாது' என்று கம்பெனி பூட்டி வைத்த பெயர்களில் கித்யான்கியும் ஒன்று! ஒரு நாவலாசிரியரிடமிருந்து ஒரு பையன் எடுத்தான், பையனிடமிருந்து இதழுக்குப் போனது, இதழிலிருந்து கம்பெனிக்கு. கடைசியில் வாங்கியவர் கதவைச் சாத்திக்கொண்டார். 2023 ஆகஸ்டில் 'பால்டர்ஸ் கேட் 3' வீடியோ கேமில் லேசெல் என்ற கித்யான்கிப் பெண்ணைப் பார்த்து மயங்கியவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஸ்ட்ராஸைத் தெரிந்தவர்கள் ஒரு மேசை தேறுவார்களா என்பது சந்தேகம்.

இப்போது என் குறைக்கு வருகிறேன். கிரியேட்டிவ் காமன்ஸுக்குப் போன ஐந்தாம் பதிப்புத் தொகுப்பு கேட்பது ஒரே ஒரு குறிப்பு. அதில் இருப்பது விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் பெயர் மட்டும். கைகாக்ஸ் இல்லை, ஆர்னிசன் இல்லை. அதைக் கொண்டு எழுதியவர் தன் சரக்கைத் திறந்துவிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2025-இல் வந்த அடுத்த தொகுப்பும் இதே உரிமத்தில்தான். சட்ட ரீதியாக இதைவிடப் பத்திரம் வேறில்லை என்கிறார்கள், சரிதான். பைசோவும் கூட்டாளிகளும் கொண்டுவந்த ஓ.ஆர்.சி. உரிமத்தில் முன்னோர் பெயரைச் சொல்லும் வழக்கம் தொடர்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி.

"அந்தப் பக்கம் மிச்சமானா இன்னும் ரெண்டு பூதம் போடலாம் மாமா" என்கிறான் அக்கா மகன். போடட்டும். யார் பெற்ற பூதம் என்று நான் கேட்பேன், அவன் கூகுளில் தேடிச் சொல்லட்டும்.