ஆர்டர் இருந்தும் பூட்டப்படும் பட்டறைகள்

உயர்ரக பேஸ் கிட்டார் செய்யும் பட்டறை ஒன்று உற்பத்தியை நிறுத்தப்போகிறதாம் என்று செய்தி கசிந்தால், வாங்க ஆளில்லை போலும் என்றுதான் வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றும். இந்தத் தொழிலின் கடந்த ஐம்பது ஆண்டுகளைப் பார்த்தால் அப்படிச் சொல்லிவிட முடியவில்லை. முன்பணம் கட்டியவர்கள் வரிசையில் நிற்கும்போதே வேலை தடுமாறிப்போவது இங்கே நடக்கக்கூடியதுதான். செய்யத் தெரிந்தவர் ஒருவரோ இருவரோ. அவர்களுக்கு வயதாகிறது, உடம்பு முடியவில்லை, இல்லையென்றால் கடன் கழுத்தை நெரிக்கிறது. அவர்களுக்குப் பின் அதே வேலையை அதே நுட்பத்தோடு எடுத்துச் செய்ய யாரும் தயாராக இல்லை. நிறுத்தம் தற்காலிகமா, நிரந்தரமா என்று பட்டறையும் வாய் திறப்பதில்லை. பணம் கட்டியவரும், அந்தக் கருவியை வாசித்துப் பிழைப்பவரும், அதைப் பழுதுபார்ப்பவரும் ஊகத்திலேயே நாளைக் கடத்துகிறார்கள்.

இளையராஜாவின் இசையில் பாட்டுக்கு அடியில் பேஸ் கிட்டார் இன்னொரு பாட்டைப் பாடிக்கொண்டு போவதைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தக் கீழ்ச்சுரத்தின் அருமையை விளக்கத் தேவையில்லை. அதைச் செய்பவர்களைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசியதில்லை.

லியோ ஃபெண்டர் 1951-இல் கலிபோர்னியாவில் ‘பிரிசிஷன் பேஸ்’ கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, அதன் பலம் எளிமையில் இருந்தது. கழுத்துப் பகுதி நான்கு திருகுகளால் உடலோடு பிணைக்கப்பட்டிருக்கும். கழுத்து வளைந்தால் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தலாம். கம்பியின் அதிர்வை ஒலிக்குறிப்பாக்கும் பிக்கப் கெட்டால் அதே அளவில் இன்னொன்று கிடைக்கும். சென்னையிலோ மணிலாவிலோ, கைப்பழக்கம் உள்ள எந்த ரிப்பேர்காரரும் அதைச் சரிசெய்துவிடுவார். ஃபெண்டர் நிறுவனமே நாளை இல்லாமல் போனாலும் அந்தக் கருவி சாகாது.

உயர்ரக பேஸின் கதை இதற்கு எதிர்த்திசையில் போகிறது. 1969-இல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில், கிரேட்ஃபுல் டெட் குழுவின் ஒலித் தேவைகளைச் சுற்றி அலெம்பிக் உருவானது. ரான் விக்கர்ஷாம் மின்னணுவியல் தெரிந்தவர். ரிக் டர்னர் கிட்டார் செய்பவர். பல மரங்களை அடுக்கி ஒட்டி, கழுத்தும் உடலின் நடுப்பகுதியும் ஒரே நீளத்தில் ஓடும்படி செய்தார்கள். அந்த ஒலிக்குறிப்பை வலுப்படுத்தும் ப்ரீஆம்பைக் கருவிக்குள்ளேயே வைத்தார்கள். இரைச்சலை நீக்கத் தனிச் சுருள், மின்சாரத்துக்குத் தனிப் பெட்டி என்று போனது வேலை. ஜாக் காசடி, ஃபில் லெஷ், பிறகு ஸ்டான்லி கிளார்க் ஆகியோர் கைகளில் அது பேசியபோது, பேஸ் கிட்டாருக்கு இப்படியொரு தெளிவு உண்டா என்று உலகம் வியந்தது. விலையும் அதற்கேற்ப ஏறியது. அதோடு இன்னொன்றும் நிகழ்ந்தது. கருவி, தன்னைச் செய்த பட்டறையையே நம்பியிருக்க ஆரம்பித்தது. உள்ளே இருக்கும் சர்க்யூட் அவர்களுடையது. அதன் வரைபடமும் அவர்களிடம்தான். இதேபோல், வடிவமைப்பாளர் நெட் ஸ்டைன்பெர்கரின் தலையில்லாத பேஸுக்கு, இரு முனையிலும் குண்டு வைத்த கம்பி வேண்டும். சாதாரணக் கம்பியை அப்படியே மாட்ட முடியாது. எது இந்தக் கருவிகளைத் தனித்துவமாக்கியதோ, அதுவே அவற்றை வாங்கியவர்களைப் பட்டறையோடு கட்டிப்போட்டது. உற்பத்தி நின்றால் புதுக் கருவி வராது என்பதோடு பிரச்சினை முடிவதில்லை. ஏற்கெனவே உலகெங்கும் ஒலித்துக்கொண்டிருக்கும் கருவிகளின் ஆயுளும் கேள்விக்குள்ளாகிறது.

வால் பேஸைப் பாருங்கள். இங்கிலாந்தில், நாற்காலி செய்வதற்குப் பேர்போன ஹை வைகாம் ஊரில், இயன் வாலர், பீட் ஸ்டீவன்ஸ் என்ற இருவர் அதை வளர்த்தார்கள். ஒவ்வொரு கம்பிக்கும் பிக்கப்பில் தனித்தனிச் சுருள்கள். வழக்கமான ட்ரெபிள், பேஸ் குமிழ்களின் இடத்தில் ஒலியின் மேல்பகுதியைத் தேவையான புள்ளியில் வெட்டும் ஃபில்டர். ரஷ் குழுவின் கெடி லீ 1985-இல் ‘பவர் விண்டோஸ்’ தொகுப்பில் இதை வாசித்தார். ஜப்பான் குழுவின் மிக் கார்ன், பிராண்ட் எக்ஸ் குழுவின் பெர்சி ஜோன்ஸ், பின்னாளில் டூல் குழுவின் ஜஸ்டின் சான்சலர் ஆகிய ஒவ்வொருவரும் அதிலிருந்து வெவ்வேறு குரலை எடுத்தார்கள். 1988-இல் வாலர் இறந்தார். அதற்குப் பின் பாரம் முழுவதும் ஸ்டீவன்ஸின் தோளில். அவருக்கும் உடல்நலம் குன்றியபோது, வால் என்ற பெயர் இத்தோடு முடிந்ததா என்ற கேள்வி உண்மையாகவே எழுந்தது. முன்பு அவர்களோடு வேலை பார்த்த பால் ஹெர்மன் பொறுப்பை ஏற்றதால்தான் அது பிழைத்தது. இதில் அதிர்ஷ்டத்தின் பங்கு எனக்குக் கவலை தருகிறது. பழைய கையாள் ஒருவர் உயிரோடும் விருப்பத்தோடும் இருந்தார். அவர் வேறு தொழிலில் நிலைத்துவிட்டிருந்தால்?

மாடுலஸ் நிறுவனத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. விண்வெளித் துறைப் பொறியாளரான ஜெஃப் கூல்ட், ஃபில் லெஷின் பேஸ் கனமாக இருப்பதைக் கண்டு, கார்பன் இழையில் கழுத்து செய்தால் என்ன என்று யோசித்தார். 1970களின் பிற்பகுதியில் அந்த யோசனை மாடுலஸ் கிராஃபைட் ஆனது. ஈரத்துக்கும் வெயிலுக்கும் வளையாத கழுத்து என்பது ஊர் ஊராகப் போய் வாசிப்பவர்களுக்கு எத்தனை பெரிய வரம்! ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவின் ஃப்ளீ வாசித்ததால் புதிய தலைமுறையும் அதைத் தேடி வந்தது. கூல்ட் 1990களின் நடுவில் வெளியேறினார். நிறுவனம் பிறர் கையில் தொடர்ந்து, 2013 வாக்கில் உற்பத்தி நின்றுபோனது. மரக் கழுத்தை இன்னொரு தச்சர் பார்த்துச் செய்துவிடலாம். கார்பன் கழுத்துக்கு அச்சு வேண்டும், இழையை எந்தத் திசையில் எத்தனை அடுக்கு வைப்பது என்ற அறிவு வேண்டும். பட்டறையோடு சேர்ந்து அதுவும் சிதறுகிறது.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். மாதக்கணக்கில் செய்யப்படும் கருவிக்கு முன்பணம் வாங்குவதில் தவறில்லை. மரமும் உழைப்பும் முதலில் கேட்பது காசுதான். வேலை தாமதமாகி, இன்று வரும் முன்பணத்தில் நேற்றைய ஆர்டரை முடிக்கும் நிலை வந்துவிட்டால், காத்திருப்போர் பட்டியல் கடன் பட்டியலாகிவிடுகிறது. வெளியே அதைப் பட்டறையின் புகழாகத்தான் பேசுவார்கள். அமெரிக்க திவால் சட்டம், சொந்த உபயோகத்துக்கு வாங்கும் வாடிக்கையாளரின் முன்பணத்துக்குச் சாதாரணக் கடன்காரர்களைவிட முன்னுரிமை தருகிறது. ஆனால் அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு: 2022 ஏப்ரலிலிருந்து 3,350 டாலர், 2025 ஏப்ரலிலிருந்து 3,800 டாலர். அடமானம் வைத்துக் கடன் கொடுத்தவரும் சம்பளப் பாக்கிக்காரரும் அவருக்கு முன்னால் நிற்பார்கள். பத்தாயிரம் டாலரைத் தாண்டும் பேஸுக்குப் பாதிப் பணம் கட்டிய ஒருவருக்கு அதில் என்ன மிஞ்சும்?

பெயரை விற்றுவிடுவது இன்னொரு வழி. புரூக்ளினில் பேஸ் செய்யத் தொடங்கிய ஸ்டூவர்ட் ஸ்பெக்டர் 1985-இல் தன் நிறுவனத்தைக் கிரேமர் என்ற கிட்டார் நிறுவனத்துக்கு விற்றார். சில ஆண்டுகளில் கிரேமர் நொடித்தது. தன் சொந்தப் பெயரைப் போட முடியாமல் வேறு முத்திரையில் பேஸ் செய்து, பிறகுதான் பெயரை மீட்டார். மைக்கேல் டோபியாஸ் 1990-இல் தன் பேஸ் நிறுவனத்தைக் கிப்சனுக்கு விற்றுவிட்டு, 1994-இல் எம்டிடி என்ற பெயரில் மறுபடி ஆரம்பித்தார். இரண்டிலும் பெயர் ஓரிடத்தில், கை ஓரிடத்தில். அந்த இடைக்காலத்தில் வாங்கியவர் எதை வாங்கினார் என்பதை இன்றும் பழைய கருவிச் சந்தையில் விவாதிக்கிறார்கள்.

உற்பத்தி நிற்பதே முடிவு என்று நான் சொல்லவில்லை. 1985-இல் பில் ஷுல்ட்ஸ் தலைமையில் ஊழியர்களும் முதலீட்டாளர்களும் சேர்ந்து அப்போதைய உரிமையாளரான சிபிஎஸ் நிறுவனத்திடமிருந்து ஃபெண்டரை 1.25 கோடி டாலருக்கு வாங்கினார்கள். ஃபுல்லர்டன் தொழிற்சாலை அந்த விற்பனையில் சேரவில்லை. அமெரிக்காவில் வேலை ஏறக்குறைய நின்றது. ஜப்பானில் செய்த கிட்டார்களை வைத்துக்கொண்டு காலம் தள்ளினார்கள். பிறகு கரோனா என்ற ஊரில் புதிய தொழிற்சாலை வந்தது. ஆட்கள் முழுவதுமாகக் கலையவில்லை, வடிவமும் அளவும் உலகுக்கே தெரிந்தவை. அதனால் அந்த இடைவெளியைத் தாண்ட முடிந்தது. மூன்று நான்கு பேர் வேலை செய்யும் பட்டறையில் ஆறு மாத இடைவெளி என்பது வேறு விஷயம். இளைய தொழிலாளி வேறு வேலைக்குப் போய்விடுவார். திரும்பி வர மாட்டார்.

நிறுத்தம் நெருங்கும்போது அமைதி காப்பதுதான் பெரும் கேடு. உண்மையைச் சொன்னால் எல்லோரும் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரே நாளில் வந்துவிடுவார்கள், பிழைக்கும் வாய்ப்பும் போய்விடும் என்று பட்டறைக்காரர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. தொழிலாளர் சம்பளம் அதில் தொங்குகிறது. ஆனாலும் அதை ஏற்க முடியாது. பட்டறை பேசாதபோது வதந்தி பேசுகிறது. பழைய கருவிகளின் விலை ஏறத் தொடங்கும். வாசிப்பவர் கையிலிருந்து கருவி சேமிப்பவரின் பெட்டிக்குப் போய்ச் சேரும். இதற்கிடையில் விஷயம் தெரியாத யாரோ ஒருவர் புதிதாக முன்பணம் கட்டிக்கொண்டிருப்பார். நிறுத்தப்போவதை உள்ளுக்குள் அறிந்தபின் வாங்கும் ஒவ்வொரு முன்பணமும் தவறு. இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

புதிய ஆர்டரை மூடுகிறோம், கையில் உள்ளவற்றில் இத்தனையை முடிப்போம், மீதிக்குப் பணம் இந்த வரிசையில் திரும்பும் என்று ஒரு கடிதம் எழுதலாம். சர்க்யூட் வரைபடங்களையும் சுருள் அளவுகளையும் நம்பகமான சில ரிப்பேர்காரர்களிடம் ஒப்படைக்கலாம். போட்டியாளர் நகலெடுப்பார் என்று ஒரு காலத்தில் மறைத்ததை, செய்வதையே நிறுத்தியபின் யாருக்காக மறைக்க வேண்டும்? அடுத்த கையைப் பழக்குவதை மட்டும் கடைசி நேரத்தில் செய்ய முடியாது. ஆர்டர் நிரம்பி, வேலைக்கு ஆள் போதாமல் திணறும் நல்ல காலத்திலேயே, இரண்டு கருவி குறைவாகச் செய்தாலும் பரவாயில்லை என்று ஓர் இளைஞரைப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். அந்த இரண்டு கருவியின் இழப்பை விலையில் ஏற்றினால் வாங்குபவர்கள் கொடுப்பார்கள் என்றே நம்புகிறேன். இத்தனை ஆண்டு காத்திருக்கச் சம்மதித்தவர்கள் அவர்கள். முன்பணம் கட்டும் முன், மர வகையையும் பிக்கப்பையும் பற்றி நூறு கேள்வி கேட்பவர்கள், உங்களுக்கு முடியாமல் போனால் இதை யார் பழுதுபார்ப்பார் என்பதையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.