சிரித்தால் தப்பா?

என் மாமனார் காலமாகி ஏழு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அத்தை ஒரு மூலையில் பாயைப் போட்டு உட்கார்ந்தவர்தான். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், இல்லாவிட்டால் அதுவும் கிடையாது. சாயங்காலம் சீரியல் போட்டு விடுவேன். அதில் ஒரு வீட்டில் சாவு, இன்னொரு வீட்டில் மாமியாரைக் கவிழ்க்க மருமகள் திட்டம் போடுகிறாள். பார்த்துவிட்டு இன்னும் சுருண்டு படுத்துக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மகன் சேனலை மாற்றிக்கொண்டே போனபோது 'காதலிக்க நேரமில்லை' ஓடிக்கொண்டிருந்தது. 1964-ல் ஸ்ரீதர் எடுத்த படம். "அப்படியே விடுடா" என்றேன். சினிமா எடுக்கிறேன் என்று திரியும் நாகேஷ், அப்பா பாலையாவை உட்கார வைத்துப் பேய்க்கதை சொல்வாரே, அந்தக் கட்டம். சத்தமெல்லாம் நாகேஷ் வாயாலேயே கொடுக்க, பாலையா முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்!

திரும்பினால், அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறார். அழுகிறார் என்று பதறிப் போய்க் கையைப் பிடித்தேன். சிரிப்பு!

"கல்யாணமான புதுசுல உங்க மாமா என்னை டென்ட் கொட்டாய்க்குக் கூட்டிட்டுப் போன படம்மா இது. இந்த இடத்துல அவரு சிரிச்ச சிரிப்புல முறுக்குப் பொட்டலம் அப்படியே மண்ணுல கொட்டிடுச்சு" என்றார். ஏழு மாதமாக அவர் பேச்சையே எடுக்காதவர், அன்று விளக்கு வைக்கும் வரை அவரைப் பற்றியே பேசினார்.

மறுநாள் பக்கத்து வீட்டு அம்மாள் வந்தார். "வருஷத் திதிகூட வரல, அதுக்குள்ள உங்க வீட்டுச் சிரிப்பு தெருவரைக்கும் கேட்குதே?" என்று ஒரு வார்த்தை. அத்தை முகம் செத்துவிட்டது. மறுபடியும் அதே மூலை, அதே பாய்.

என் கணவர்கூட, "நாலு பேர் பேசற மாதிரி எதுக்கு?" என்றார். "மனைவியை இழந்த ஆம்பளை டீக்கடையில உட்கார்ந்து சிரிச்சா யாராவது கேட்கிறாங்களா?" என்றேன். அவரிடம் பதில் இல்லை.

நான் பத்தாவது வரை படித்தவள். பெரிய விஷயமெல்லாம் தெரியாது. ஆனால் இந்தப் பழைய காதல் காமெடிப் படங்கள் ஏன் மனசுக்கு இதமாக இருக்கின்றன என்று யோசித்துப் பார்த்தேன். 'மிஸ்ஸியம்மா'வில் (1955) ஜெமினியும் சாவித்திரியும் வாத்தியார் வேலைக்காகக் கணவன் மனைவி என்று பொய் சொல்கிறார்கள். 'தில்லுமுல்லு'வில் (1981) ரஜினி ஒட்டுமீசை வைத்து ஒரே ஆள் இரண்டு பேராக நடிக்கிறார். 'காதலிக்க நேரமில்லை'யில் முத்துராமன், நண்பன் ரவிச்சந்திரனுக்காகக் கிழ அப்பா வேஷம் போடுகிறார். எல்லாவற்றிலும் ஒரு பொய், அது வெளியே வந்துவிடுமோ என்ற பயம், கடைசியில் கல்யாணம். நம் வீட்டில் நாளைக்கு என்ன நடக்குமோ தெரியாது. அந்தப் படத்திலாவது எல்லாம் நல்லபடியாக முடியும் என்று முன்கூட்டியே தெரிகிறது. அந்த இரண்டரை மணி நேரம் நெஞ்சில் கனம் இல்லை. அதற்காகத் துக்கம் போய்விட்டது என்று அர்த்தமா என்ன? படம் முடிந்ததும் அத்தை மாமா படத்துக்குப் பூ வைக்கத்தான் செய்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை பேரனே, "பாட்டி, அந்தப் பேய்க்கதைப் படம் போடட்டுமா?" என்று செல்போனில் தேடி எடுத்து வந்தான். அத்தை என்னைப் பார்த்து, "கதவைச் சாத்திடும்மா" என்றார். நான் சாத்தவில்லை.

தோழிகளே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கணவரை இழந்த ஒரு பெண் என்றைக்காவது வாய்விட்டுச் சிரித்தால், 'அதுக்குள்ளயா?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். முடிந்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்து நீங்களும் சேர்ந்து சிரியுங்கள்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.