தம்பிமார் மோட்டர் ரைடு போகட்டும், ஆனா ராத்திரியில வேண்டாம்

 

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. படிச்சிட்டு திட்டணும்னு தோணினா ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்து நேர்லயே திட்டுங்க, வாட்சாப்புல வேண்டாம்.

போன ஆயுத பூஜை அன்னிக்கு நம்ம கோயில் வாசல்ல எத்தனை மோட்டர் வரிசையா நின்னுச்சுன்னு பாத்தவங்களுக்குத் தெரியும். குருக்கள் ஒவ்வொண்ணுக்கும் சந்தனம் குங்குமம் வெச்சு, டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்தச் சொன்னாரு. பழம் நசுங்குற சத்தம் ஒரு மணி நேரம் கேட்டுச்சு. வருஷம் பூரா கோயில் பக்கமே தலைகாட்டாத பையன்கள்கூட அன்னிக்கு வந்தான்க. மோட்டருக்காகத்தான் வந்தான்க, அது எங்களுக்கும் தெரியும். இருந்தாலும் வந்தான்கல்ல?

அந்தப் பிள்ளைங்கதான் இப்போ இளைஞர் பகுதி மூலமா ஒரு கோரிக்கை வெச்சிருக்காங்க. ஈப்போவிலிருந்து கிளம்பி கோலகங்சார், கெரிக், அங்கிருந்து கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில ஜெலி, அப்புறம் குவா மூசாங், லோஜிங், கேமரன் மலை, சிம்பாங் பூலாய் வழியா இறங்கித் திரும்ப ஈப்போ. ஒரு சுத்து. 500 கிலோமீட்டருக்கு மேல வரும். மலை, காடு, ஏரி எல்லாம் பாத்துக்கிட்டே போற ரோடு. கோயில் பேர்ல போகணும்னு ஆசைப்படுறாங்க.

நிர்வாகக் கூட்டத்துல இதைக் கேட்டதும் பெரியவங்க ரெண்டு மூணு பேருக்குக் கோபம் வந்துடுச்சு. "கோயில்ல திருப்பணி வேலை கிடக்கு, மோட்டர் ஓட்டுறதா பக்தி?"ன்னு ஒரு ஐயா கேட்டாரு. நியாயமான கேள்விதான். நாங்க தொண்டூழியர்கள் சார்பா எங்க கருத்தை இங்க சொல்றோம். ரைடுக்கு நாங்க ஆதரவு. ஆனா பையன்கள் போட்டிருக்கிற திட்டத்துக்கு ஆதரவு இல்ல.

ஏன் ஆதரவுன்னு மொதல்ல சொல்றோம். இதைச் சொல்ல எங்களுக்கே கஷ்டமா இருக்கு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நம்ம பையன்கள் நாலு பேரு இதே மாதிரி வந்து கேட்டாங்க. "அண்ணே, ஒரு ரைடு போறோம், நீங்க யாராச்சும் கூட வாங்க, வழி சொல்லுங்க"ன்னாங்க. நாங்க என்ன சொன்னோம்? "தம்பி, கோயில் பேரை இதுல இழுக்காதீங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" அவ்வளவுதான் சொன்னோம். அவங்க தனியா போனாங்க. ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டு தூங்காம கிளம்பி, திரும்பி வர்றப்போ ஒரு தம்பி வளைவுல ரோட்டை விட்டுப் போயிட்டான். 23 வயசு. தைப்பூசத்துக்கு கல்லுமலையில நம்மகூட தண்ணிப் பந்தல்ல நின்ன பையன். பேர் சொல்லத் தேவையில்ல, எல்லாருக்கும் தெரியும்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நாங்கதான் சமையல். அன்னிக்கு அந்த அம்மா எங்களைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாங்க. "அவன் கேட்டப்பவே நீங்க யாராச்சும் கூட போயிருக்கலாமே." கோபமா சொல்லல. அதுதான் எங்களுக்கு இன்னும் தாங்கல.

கோயில் பேர் கெட்டுடக்கூடாதுன்னு ஒதுங்குனோம். பேர் கெடல. பையன்தான் போயிட்டான்.

அதனால இந்தத் தடவை "வேண்டாம்"னு சொல்றதுக்கு எங்களுக்கு வாய் வரல. நம்ம நாட்டுல ரோட்டுல சாகுறவங்கள்ல பாதிக்கு மேல மோட்டர்காரங்கதான். நாம வேண்டாம்னு சொன்னா அவங்க ஓட்டாம இருக்கப் போறதில்ல. நமக்குத் தெரியாம ஓட்டுவாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, பையன்கள் திட்டத்துல என்ன தப்பு? சனிக்கிழமை ராத்திரி 12 மணிக்குக் கிளம்புறாங்களாம். இருட்டுல கிழக்கு மேற்கு ரோட்டைத் தாண்டி, காலைல ஜெலியில பசியாறி, ஞாயிறு ராத்திரிக்குள்ள வீடு. திங்கட்கிழமை காலைல வேலை. லீவு எடுக்க வேண்டாம், ஓட்டல் காசு மிச்சம்னு கணக்கு.

தம்பிகளா, அந்த ரோடு என்ன ரோடுன்னு தெரியுமா? 1970-ல ஆரம்பிச்சு 1982-ல திறந்த ரோடு. நூறு கிலோமீட்டருக்கு மேல மலையையும் காட்டையும் வெட்டிப் போட்டது. கம்யூனிஸ்டுகள் பயம் இருந்த காலம், பட்டாளம் காவல் நிக்க வேலை நடந்துச்சு. இன்னிக்கு அந்தப் பயம் இல்ல. ஆனா ரெண்டு பக்கமும் இருக்கிற காடு யானைக் காடு. ராத்திரியானா ரோடு அதுங்களோடது.

2025-ல நடந்ததை மறந்துட்டோமா? மே 11, அன்னையர் தினம். விடியறதுக்கு முன்னாடி அந்த ரோட்டுல ஒரு யானைக்குட்டி கோழி லோரியில அடிபட்டு அடியில மாட்டிக்கிச்சு. தாய் யானை லோரியை முட்டிக்கிட்டு நகராம மணிக்கணக்கா நின்ன படத்தை நாமதான் ஒருத்தருக்கொருத்தர் அனுப்பி அழுதோம். பிள்ளையாரைக் கும்பிடுற நமக்கு அது சும்மா செய்தி இல்ல. ஒரு மாசம்கூட ஆகல. ஜூன் 9, நடுராத்திரிக்கு மேல, அதே ரோட்டுல தஞ்சோங் மாலிம் உப்சி மாணவர்கள் வந்த பஸ் கவிழ்ந்து 15 பிள்ளைங்க போயிட்டாங்க. வாத்தியாராகப் படிச்ச பிள்ளைங்க. ரெண்டும் ராத்திரி நேரம். ரெண்டும் ஒரே ரோடு. இதுக்கு மேல நாங்க என்ன சொல்ல?

எங்கள்ல பாதிப் பேரு ஃபேக்டரியில சூப்பர்வைசர், ஷிப்ட் பாக்கிறவங்க. எஸ்பிஎம்மோட நின்னவங்க, பெரிய படிப்பு இல்ல. ஆனா முப்பது வருஷம் மிஷின் பக்கத்துல நின்னு ஒண்ணு கத்துக்கிட்டோம். விபத்து மிஷின்ல ஆரம்பிக்கிறது கம்மி. தூக்கத்துல ஆரம்பிக்கும், அவசரத்துல ஆரம்பிக்கும், "இதெல்லாம் பரவால்ல"ங்கிற பேச்சுல ஆரம்பிக்கும். அதனால எங்க யோசனை இது: இந்த ரைடை மூணு நாளாக்குங்க. லீவு சேர்ந்து வர்ற வாரமா பாருங்க. வருஷக் கடைசி வேண்டாம், கிளந்தான் பக்கம் அடைமழை. ஜூன், ஜூலை நல்லது.

மொத நாள், காலைப் பூஜை பாத்துட்டு கிளம்புங்க. ஹைவே வேண்டாம். மோட்டருக்கு டோல் இல்லைன்னு எல்லாரும் ஹைவேயில ஏறிடுறாங்க, ஆனா அதுல பாக்க ஒண்ணுமில்ல. பழைய ரோட்டுல போங்க. சுங்கை சிப்புட்ல நில்லுங்க. துன் சம்பந்தன் ஊர் அது. தோட்டத்தையெல்லாம் துண்டு போட்டு வித்தப்போ, தொழிலாளிங்ககிட்ட பத்து வெள்ளி பத்து வெள்ளியா சேர்த்து 1960-ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சவரு. தோட்டம் தோட்டமா அலைஞ்சவரு. ஊர் சுத்துறதுலயும் ஒரு காரியம் நடக்கும்னு அவர்கிட்ட கத்துக்கலாம்.

அடுத்தது கோலகங்சார். அங்க 1877-ல நட்ட கித்தா மரம் ஒண்ணு இன்னும் நிக்குது. நாட்டுலயே ரொம்பப் பழைய கித்தா மரங்கள்ல ஒண்ணு. தம்பிகளா, அந்த மரத்துக்கிட்ட ஒரு நிமிஷம் மோட்டரை நிறுத்துங்க. அந்த மரத்தாலதான் நம்ம பாட்டன் பூட்டன் கப்பல் ஏறி வந்தான். விடியக்காலைல பெரட்டுக்கு நின்னு, நெத்தியில விளக்கு கட்டி பால் வெட்டப் போனான். லயத்துக்குப் பக்கத்துல ஒரு கல்லை நட்டு மாரியம்மான்னான், முனியாண்டின்னான். நாம இன்னிக்கு கும்பிடுற கோயில்ல பாதி அப்படி வந்ததுதான். இன்னிக்குத் தோட்டம் செம்பனை ஆயிடுச்சு, இல்ல தாமான் ஆயிடுச்சு. சனங்க பட்டணத்துக்கு வந்துட்டாங்க. சாமி மட்டும் அங்கயே நிக்குது. வழியில அப்படி ஒரு கோயிலைப் பாத்தா இறங்கி விளக்கேத்துங்க, குப்பையைக் கூட்டுங்க. "மோட்டர் ஓட்டுறதா பக்தி?"ன்னு கேட்ட ஐயாவுக்கு இதுதான் எங்க பதில். ஓட்டுறது பக்தி இல்ல. இறங்குற இடம் பக்தியா இருக்கலாம்.

மத்தியானம் லெங்கோங், சாயங்காலம் கெரிக். அங்கயே தங்குங்க. ரெண்டாம் நாள் காலைல பனி விலகினதும், எட்டு மணி வாக்குல, கிழக்கு மேற்கு ரோட்டுல ஏறுங்க. பாண்டிங் ஏரியைப் பகல்ல பாத்தாத்தானே அழகு? இருட்டுல போனா என்னத்தைப் பாப்பீங்க? அன்னிக்கு ராத்திரி குவா மூசாங். மூணாம் நாள் லோஜிங், கேமரன் ஏறி, மத்தியான மழைக்கு முன்னாடி சிம்பாங் பூலாய் இறங்கிடணும். அந்த இறக்கத்துல மழையும் மூடுபனியும் சேர்ந்தா முன்னாடி போற மோட்டர் தெரியாது. மண் சரியுற ரோடும்கூட.

இனி விதி. வேலையிடத்துல மாதிரியே சொல்றோம், கோவிச்சுக்காதீங்க.

ஒண்ணு, எண்ணெய். கப்சாய் டேங்க் நாலு லிட்டர் சொச்சம்தான். கெரிக்ல டேங்க் முட்ட ஊத்தாம யாரும் மலை ஏறக்கூடாது.

ரெண்டு, பிரேக். இறக்கத்துல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா சூடாகி பிடிக்காம போயிடும். கியரைக் குறைச்சு இஞ்சின் பிடியில இறங்கணும். ஸ்கூட்டர்ல வர்றவங்களுக்கு அந்தப் பிடி கம்மி, அவங்க இன்னும் மெதுவா வரணும், நின்னு ஆறவிட்டு இறங்கணும்.

மூணு, கிளம்புற முந்தின நாள் மோட்டர் செக். டயர், செயின், பிரேக், விளக்கு. ரோட் டாக்ஸ், லைசென்ஸ் செத்துப்போனவங்க வரவேண்டாம். 250-க்கு மேல சிசி ஓட்டுறவங்க பி2 லைசென்சை நீட்டக்கூடாது. மோட்டர் இன்சூரன்ஸ் இருக்குன்னு நெனைச்சுக்கிட்டு வர்றாங்க. சாதாரண மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் ஓட்டுறவன் உடம்புக்குக் காசு தராது. தனி விபத்துக் காப்புறுதி ஒண்ணு எடுத்துட்டு வரணும்.

நாலு, முன்னாடி ஒருத்தர், கடைசியில ஒருத்தர். ரெண்டு பேரும் வயசுல மூத்தவங்க. ஒரே கோட்டுல ஒட்டிக்கிட்டு ஓட்டாம, இடம் விட்டு மாறி மாறி வரணும். வேகம் யாரோட வேகம்? கூட்டத்துலயே மெதுவா வர்ற மோட்டரோட வேகம். காட்டுக்குள்ள நிறைய இடத்துல போன் லைன் கிடைக்காது, அதனால ஒவ்வொரு நிறுத்தத்துலயும் தலை எண்ணணும்.

அஞ்சு, ராத்திரி ஷிப்ட் முடிச்சு நேரா வர்றவன் வீட்டுக்குப் போயி தூங்கணும். இதுல எந்தச் சமாதானமும் கிடையாது. தண்ணி போட்டவனுக்கும் அதே. மூணு நாளும் கிடையாது.

கோயில் பணம் ஒரு காசு வேண்டாம். அவங்கவங்க செலவு. ஆனா கோயில் பேர் சட்டையில இருக்கட்டும்னு நாங்க சொல்றோம். பயந்தவங்க மாத்தி யோசிச்சுப் பாருங்க. முதுகுல முருகன் பேர் இருந்தா எக்சாஸ்டை அலற விட்டுக்கிட்டு சிவப்பு விளக்கைத் தாண்டுறதுக்கு ஒரு நிமிஷம் யோசிப்பான்.

நேரா பெரிய ரைடும் வேண்டாம். மொதல்ல ஒரு நாள் ரைடு. ஈப்போ, பத்து காஜா, கெல்லீஸ் மாளிகை. அந்த வெள்ளைக்காரத் துரை 1915 வாக்குல கட்ட ஆரம்பிச்ச மாளிகை பாதியிலயே நின்னுபோச்சு, 1926-ல அவரும் வெளிநாட்டுல செத்துட்டாரு. விஷக்காய்ச்சல்ல நம்ம ஆளுங்க செத்தப்போ கேட்டு வாங்கின மாரியம்மன் கோயில் பக்கத்துலயே இருக்கு. துரையோட சிலையைக்கூட சாமிங்களோட சேர்த்து அதுல வெச்சிருக்காங்க. மாளிகை பாழாச்சு, கோயில்ல விளக்கு எரியுது. போய்க் கும்பிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புங்க. அந்த ஒரு நாள்ல யாரு சொன்னதைக் கேக்குறான், யாரு கேக்கலைன்னு தெரிஞ்சிடும். கேக்குறவன் பெரிய ரைடுக்கு வரலாம்.

பெத்தவங்களுக்கு ஒரு வார்த்தை. போகாதேன்னு சாவியை ஒளிக்காதீங்க. மோட்டர் டயரை ஒரு தடவை குனிஞ்சு பாருங்க, போதும். ஓட்டுற தங்கச்சிங்களும் ரெண்டு பேரு கேட்டிருக்காங்க. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான், அவங்களும் வரலாம்.

பெரியவங்களுக்கு ஒரு வேண்டுகோள். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி எங்களை நூறு கேள்வி கேளுங்க. ஆனா "நமக்கெதுக்கு வம்பு"ன்னு மட்டும் இன்னொரு தடவை சொல்லவேண்டாம். அதை நாம ஒரு தடவை சொல்லிப் பாத்துட்டோம்.

வர்ற ஞாயிறு காலைப் பூஜைக்கு அப்புறம் கோயில் மண்டபத்துல பேசலாம். தம்பிமார் மோட்டரோட வாங்க. எங்கள்ல மெக்கானிக் வேலை தெரிஞ்ச ரெண்டு பேரு ஸ்பேனரோட இருப்பாங்க. அந்த அம்மாகிட்டயும் போய்ச் சொன்னோம், இப்படி ஒரு ரைடு பேசுறோம்னு. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "கிளம்புற அன்னிக்குச் சொல்லுங்க, பசியாற நான் கட்டித் தர்றேன்"னாங்க.

முருகா சரணம்.
ஆலயத் தொண்டூழியர்கள்