கம்பளிக் கிண்ணமும் கண்ணுக்குத் தெரியாத ஆடும்

மைசூர்ல இருக்கற நம்ம தமிழ்க் குடும்பங்கள்ல இப்போ ஒரு புது மோகம். ஞாயித்துக்கிழமையானா குழந்தைகளையும் கூட்டிக்கிட்டு 'ஃபெல்டிங்' வகுப்புக்குப் போறது. கம்பளி நூல்ல கிண்ணம் பின்னி, வெந்நீர்ல அலசிச் சுருக்கி, அலமாரியில வைக்கறது. சாவி போடலாம், காஞ்ச பூ போடலாம். கைவேலை நல்லதுதான், அதுல எனக்கு ஒரு சண்டையும் இல்லை. என் சண்டை அந்த நூலோட.

விஷயம் புதுசா இருக்கறவங்களுக்கு: ஆட்டு ரோமத்து மேல மீன் செதில் மாதிரி அடுக்கடுக்கா இருக்கும். வெந்நீர், சோப்பு, கசக்கல் மூணும் சேர்ந்தா செதில்கள் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கும். மாட்டினா மாட்டினதுதான், பிரிக்க முடியாது. அதனால தடிச்ச ஊசியில, தளர்வா, வேணுங்கற அளவை விடப் பெருசாப் பின்னணும். சுருங்கினதும் ஒரு எவர்சில்வர் கிண்ணத்து மேல கவுத்துக் காய வெச்சா அதே வடிவத்துல நிக்கும்.

கடையில 'உல்லன்'னு கேட்டா தர்றது பெரும்பாலும் அக்ரிலிக். அது ப்ளாஸ்டிக்குங்க. எத்தனை தடவை வெந்நீர்ல போட்டாலும் இறுகாது. மெஷின்ல துவைக்கலாம்னு பக்குவம் பண்ணின கம்பளியும் சரிப்படாது. அதோட செதிலை முன்னாடியே மழுக்கியிருப்பாங்க.

சரி, அசல் கம்பளிக்கு எங்க போறது? நான் பார்த்த வகுப்புல ஆஸ்திரேலியாவிலேர்ந்து வந்த மெரினோ! கடல் தாண்டி வந்த ரோமத்தை வெச்சு 'மண்ணோடு இணைவோம்'னு பாடம் வேற :-)

இருக்கற ஊர் கர்நாடகா. இங்க குருபர்னு ஒரு பெரிய இடையர் சமூகம். தக்காணி ஆட்டு ரோமத்தைக் கத்தரிச்சு, கையால நூத்து, குழித்தறியில நெய்து, புளியங்கொட்டைக் கஞ்சி பூசி அவங்க பண்றது கம்பளி. கன்னடத்துலயும் அதே பேர்தான். மழையில ஆடு மேய்க்கறவனுக்கு அதுதான் குடை, ராத்திரி அதுதான் படுக்கை. இன்னிக்கு நிலைமை என்ன? கத்தரிக்கிற கூலிக்குக்கூட ரோமம் கட்டுப்படியாகறதில்லை. காசு கறியிலதான். அதனால பலபேர் ரோமமில்லாத ஆட்டுக்கு மாறிட்டாங்க. நூக்கற பாட்டிகளுக்குப் பிறகு அந்த வீட்டுப் பொண்ணுங்க ஏன் ராட்டையைத் தொடணும்? மேடையில தலைவர் தோள்ல கம்பளி போர்த்திப் போட்டோ எடுத்தா அவங்க அடுப்பு எரிஞ்சிடுமா?

"தக்காணி குத்துமே சார்"னு ஒரு நண்பர் சொன்னார். குத்தும்தான். மெரினோ இழை 20 மைக்ரான் பக்கம், இது 30க்கு மேல. ஆனா கிண்ணத்தை யாரு கழுத்துல சுத்திக்கப் போறா? முரட்டு ரோமம்தான் விறைப்பா நிக்கும். இறுக நேரமாகும், இன்னும் ரெண்டு தடவை அலசணும், அவ்வளவுதான். சாயமே இல்லாத அந்தக் கறுப்பு வேற எங்க கிடைக்கும்?

"விலை ஜாஸ்தி"ங்கறது அடுத்த புகார். மாலில் காபிக்குப் பேரம் பேசாத நாம, நூத்த அம்மாகிட்ட மட்டும் பேரம் பேசறோமே, இது என்ன நியாயம்?

இது கன்னடக்காரங்க சமாச்சாரம், நமக்கென்னன்னு ஒதுங்கவும் முடியாது. கோயமுத்தூர்ப் பக்கத்துக் குறும்பை ஆட்டுக்கும் ரோமம் உண்டு. மைசூர்லேர்ந்து கூடலூர் வழியா ஊட்டிக்குப் போறோமே, பைக்காரா தாண்டினா சாண்டிநல்லா. அங்க தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகத்தோட செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கு. 19ஆம் நூற்றாண்டுல கோயமுத்தூர் ஆட்டோட மெரினோ, செவியட், சவுத்டவுன் கலந்து உருவான நீலகிரி ஆட்டை அங்கதான் காப்பாத்திக்கிட்டு இருக்காங்க. மெல்லிசு ரோமம் வேணும்னா அதுவும் நம்மகிட்டயே இருக்கு. நாம அந்த வழியாத்தான் ஏலக்காய் டீயும் சாக்லேட்டும் வாங்கப் போறோம்.

அடுத்த வகுப்புல பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இது எந்த ஆட்டு ரோமம், யார் நூத்தது?" பதில் தெரியாத இடத்துல காசு கொடுக்காதீங்க. பத்து குடும்பம் கேட்டா அவங்களே தேடிக்கிட்டுப் போவாங்க. நூத்தவங்க கைக்கும் நாலு காசு போகும்.