விடுமுறை யாருக்கு?

ஆண்டுதோறும் மே மாத இறுதியில் சிங்கப்பூர்ப் பள்ளிகள் அரையாண்டு விடுமுறைக்கு மூடப்படுகின்றன. பிள்ளைகளின் முகம் மலர்கிறது. வேலைக்குச் செல்லும் தாயின் முகமோ வாடுகிறது. அடுத்த நான்கு வாரத்திற்குப் பிள்ளையை யாரிடம் விட்டுச் செல்வது என்னும் கவலை அவளைப் பற்றிக்கொள்கிறது. பிள்ளை இருவருக்கும் உரியது. கவலை மட்டும் ஒருத்திக்கே உரியதாயிற்று. இந்த ஓரவஞ்சனையை இயற்கை என்றே எண்ணிப் பழகிவிட்டது தமிழ்ச் சமுதாயம்.

பெண்கள் வேலைக்குச் சென்றதால்தான் பிள்ளைகள் சீர்கெட்டனர் என்று மேடைகளில் முழங்குவோர் இன்றும் உளர். அவர்களுக்குக் கைதட்டலும் குறைவின்றிக் கிடைக்கிறது. தாயன்பு குன்றிவிட்டது என்பது அவர்தம் வாதம். குன்றியிருப்பது அன்பன்று, நாள். எளிய கணக்கே இதனைக் காட்டும்.

தொடக்கப்பள்ளிகளுக்கு மார்ச்சில் 1 வாரம், ஜூனில் 4 வாரம், செப்டம்பரில் 1 வாரம், ஆண்டிறுதியில் 6 வாரம் என மொத்தம் 12 வார விடுமுறை. வாரத்திற்கு 5 வேலைநாள் எனக் கொண்டால் 60 நாள். இடையே வரும் ஓரிரு பொது விடுமுறைகளைக் கழித்தாலும் கணக்குப் பெரிதும் மாறாது. வேலை நியமனச் சட்டம் உறுதிசெய்யும் ஆண்டு விடுப்போ முதலாம் ஆண்டில் 7 நாள். ஆண்டுக்கு ஒன்றாகக் கூடி எட்டாம் ஆண்டில் 14 நாளை எட்டுகிறது. 7 முதல் 12 வயது வரையுள்ள, குடியுரிமை பெற்ற பிள்ளையின் பெற்றோர்க்கு ஆளுக்கு 2 நாள் பராமரிப்பு விடுப்பு 2013இல் சேர்ந்தது.

தாயும் தந்தையும் எட்டாண்டு உழைத்தவராகி, ஒரு நாள்கூடச் சேர்ந்து விடுப்பெடுக்காமல் மாறி மாறி வீட்டில் இருந்தாலும் 32 நாளே கிட்டும். எஞ்சிய 28 நாளுக்கு யார் பொறுப்பு? வேலையில் புதிதாய்ச் சேர்ந்த பெற்றோர்க்கு எஞ்சுவது 42 நாள். துணையின்றித் தனியே பிள்ளை வளர்க்கும் தாய்க்கு எட்டாண்டுப் பணிக்குப் பின்னும் 44 நாள். எத்துணை தாயன்பு இருந்தும் இந்தப் பள்ளத்தை நிரப்ப இயலுமா?

பாட்டி இருக்கிறாரே என்பர் சிலர். ஓய்வுபெறும் வயது 2022இல் 63 ஆயிற்று. பாட்டியும் வேலையில் இருக்கிறார். மாணவர் பராமரிப்பு நிலையம் உண்டே என்பர் வேறு சிலர். உண்டு, அதன் தொண்டு சிறிதன்று. ஆயினும் மாலையில் மூடும் நிலையம், இரவு முறைப்பணிக்குச் செல்லும் தாதிக்கு எவ்வாறு துணையாகும்? வீட்டிலிருந்தே பணியாற்றலாமே என்பர் இன்னும் சிலர். நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு பற்றிய வழிகாட்டி நெறிகள் 2024 டிசம்பரில் நடப்புக்கு வந்தன. கேட்கும் உரிமையை அவை தந்தன. கிடைக்கும் உறுதியைத் தரவில்லை. துப்புரவுப் பணியையும் பேருந்து ஓட்டுதலையும் வீட்டிலிருந்து செய்யவும் இயலாது.

வசதி படைத்தோர் பணிப்பெண்ணை நாடுகின்றனர். வெளிநாட்டுப் பணிப்பெண் திட்டம் 1978இல் தொடங்கிய காலந்தொட்டு எத்தனையோ இல்லங்களைத் தாங்கிவந்துள்ளது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது பழமொழி. கடல் கடந்து வந்து பிறர் பிள்ளைக்குச் சோறூட்டும் அந்தத் தாயின் பிள்ளை, அவள் ஊரில் உண்மையாகவே தானே வளர்கிறது. ஒருத்தியின் சுமையை மற்றொருத்தியின் தோளுக்கு மாற்றுவது தீர்வாகுமா?

தந்தை எங்கே என்னும் வினாவை எழுப்புவார் அரியர். "மனைவிக்கு உதவுகிறேன்" என்று பெருமை பேசும் ஆடவர் பலர். உதவி என்பது பிறர் வேலையில் கைகொடுப்பது. தன் பிள்ளைக்குச் சோறிடுவது எவருடைய வேலை? கணவனும் மனைவியும் ஒத்துழைத்துப் பிள்ளைகளைப் பேணக் கடமைப்பட்டவர்கள் என்று 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனம் வகுத்துவிட்டது. சட்டம் சொல்லி அறுபது ஆண்டு கடந்தும் வீடு கேட்கவில்லை. கல்வி அமைச்சு பள்ளி நாள்காட்டியை முந்திய ஆண்டிலேயே வெளியிடுகிறது. அது வந்த அன்றே கணவனும் மனைவியும் அமர்ந்து விடுப்பு நாள்களைப் பங்கிட்டுக்கொள்ள என்ன தடை? அதே நாள்காட்டியைப் பார்த்து முறைப்பணி அட்டவணை வகுக்க முதலாளிக்கு என்ன தடை?

தமிழ் அமைப்புகளுக்கும் இதில் பங்குண்டு. விடுமுறையில் கதை சொல்லலும் பயிலரங்கும் நடைபெறுகின்றன, நோக்கம் நன்று. ஆனால் காலை பத்துக்குத் தொடங்கி நண்பகலில் முடியும் நிகழ்ச்சிக்குப் பிள்ளையை அழைத்து வருபவர் யார்? திரும்ப அழைத்துச் செல்பவர் யார்? வேலைக்குப் போகாத பெற்றோர் உள்ள பிள்ளைக்கே அந்தத் தமிழ் எட்டுகிறது. வார நாள்களில் வெறுமையாய்க் கிடக்கும் மண்டபங்களைக் காலை முதல் மாலை வரை திறந்து, முறையான மேற்பார்வையுடன் உணவும் விளையாட்டும் தமிழும் தரட்டும். வீட்டில் தமிழ் தேய்கிறது என்று புலம்புவோர்க்கு இதைவிட நல்ல வாய்ப்பு ஏது? அடைத்த வீட்டுக்குள் நாள் முழுதும் கைத்தொலைபேசியோடு இருக்கும் பிள்ளையிடம் எந்தத் தமிழ் வந்து பேசப்போகிறது?

ஆசிரியர்களும் ஒன்றைக் கருதவேண்டும். பள்ளி திறந்ததும் விடுமுறையில் சென்ற இடம் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்வது நெடுங்கால வழக்கம். எங்கும் செல்லாத பிள்ளை எதை எழுதும்? தாளில் ஒரு கடற்கரையைப் பொய்யாய்ப் படைத்துக்கொள்ளும். அந்தப் பொய்யில் சந்திப்பிழை திருத்துவதோடு வகுப்பறையின் கடமை முடிந்துவிடாது. வீட்டில் யார் சமைத்தார், யார் துணையிருந்தார் என்று எழுதச் சொன்னால் உண்மை தாளில் வரும். அவ்வுண்மையைப் படிக்கும் சமுதாயம் தாயைக் குற்றக் கூண்டில் ஏற்றுவதை நிறுத்தி, எஞ்சிய 28 நாளுக்கு விடை தேடத் தொடங்கட்டும்.